தோன்றா எழுவாய்

டி.எஸ். எலியட் வங்கிக் குமாஸ்தாவாக இருந்தவர் என்பது, என்னை ஆறுதல்படுத்த நண்பர்கள் அடிக்கடி சொல்கிற செய்தி. 1917 மார்ச்சிலிருந்து 1925 வரை லண்டனில் லாயிட்ஸ் வங்கியின் காலனி, அயல்நாட்டு இலாகாவில் அவர் வேலை பார்த்தார். அயல்நாட்டு வங்கிகளின் ஐந்தொகைகளைப் பட்டியல் போட்டார். முதல் உலகப் போருக்குப் பிறகு, எதிரி நாடுகளோடு இருந்த பழைய கடன்களின் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்த நாற்காலியில் இருந்த காலத்தில்தான் 1922ல் ‘தி வேஸ்ட் லாண்ட்’ வெளிவந்தது. ஆகவே நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் நானும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை என்பது நண்பர்களின் கட்சி. நாற்காலி ஒன்றாக இருப்பதால் மட்டும் ஒன்றும் ஆகிவிடாது என்று நான் பதில் சொல்வதுண்டு.

அந்தக் கவிதையில் ஒரு ஜனக்கூட்டம் லண்டன் பாலத்தைக் கடந்து, கிங் வில்லியம் தெரு வழியாக வேலைக்குப் போகிறது. தெரு முனையில் ஒரு சர்ச் மணி காட்டுகிறது. செயின்ட் மேரி வுல்நாத் என்று அதற்குப் பெயர் உண்டு; கவிதையிலேயே அந்தப் பெயர் வருகிறது. ஒன்பதாவது அடியின் ஓசையைத் தான் பலமுறை கவனித்ததாக எலியட் குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார். அந்த மணியோசைக்கு நம் விமர்சகர்கள் ஏசுவின் மரணம் முதல் நவீன நாகரிகத்தின் மரணம் வரை எல்லா அர்த்தமும் ஏற்றியாயிற்று. ஒன்பது மணி என்றால் ஆபீஸ் திறக்கும் நேரம் என்பது எனக்கு எந்த உரையாசிரியரின் உதவியும் இல்லாமல் புரிந்தது. வேறு ஒன்றுதான் புரியவில்லை. இந்த மணிக்கூண்டின் கீழே இருந்தவர்கள் யார்? கவிதையை நாற்பது தடவை படித்தவன், இதை ஒரு தடவையும் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் லண்டன் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகங்கள் சொன்னதுதான். சர்ச் லம்பார்ட் தெருவும் கிங் வில்லியம் தெருவும் சேரும் முனையில் இருக்கிறது. லம்பார்ட் தெரு பல நூற்றாண்டுகளாக வட்டித்தெரு. பொற்கொல்லர்களும் லேவாதேவிக்காரர்களும் பிறகு வங்கிகளும் குடியிருந்த தெரு. 1666ன் பெருந்தீயில் சேதப்பட்ட பழைய கோவிலை எடுத்துவிட்டு, 1716லிருந்து 1727 வரை நிக்கலஸ் ஹாக்ஸ்மூர் இப்போதிருக்கும் கட்டடத்தை எழுப்பினார். 1890களின் கடைசியில் அதன் அடியைக் குடைந்து சுரங்க ரயில் நிலையம் அமைத்தார்கள். 1900ல் திறந்த அந்த நிலையத்தின் பெயர் ‘பாங்க்’. நிலவறையில் இருந்த எலும்புகள் அதற்குள் ஊருக்கு வெளியே வேறு கல்லறைக்குப் போய்விட்டன. எலியட் மணியோசை கேட்ட காலத்தில் பலிபீடத்துக்கு மேலே கடவுளும் தரைக்குக் கீழே டிக்கெட் கவுண்டரும் இருந்தன என்று கொள்ளலாம்.

இந்தப் பங்கைச் சேர்ந்த இருவரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்.

முதலாமவர் எட்வர்ட் லாயிட், காப்பிக்கடைக்காரர். 1691ல் தன் கடையை லம்பார்ட் தெருவுக்குக் கொண்டுவந்தார். கப்பல் முதலாளிகளும் மாலுமிகளும் கப்பலுக்குக் காப்பீடு எழுதுகிறவர்களும் அங்கே கூடினார்கள். லாயிட் 1713ல் இறந்தார். அந்தப் பழைய கோவிலில்தான் அவரைப் புதைத்தார்கள். காப்பிக்கடையிலிருந்து வளர்ந்ததுதான் லாயிட்ஸ் என்ற உலகப் புகழ்பெற்ற காப்பீட்டுச் சந்தை. எலியட் வேலை பார்த்த வங்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது 1765ல் பர்மிங்ஹாமில் பிறந்த வேறொரு லாயிட் குடும்பத்துச் சரக்கு. பெயர் ஒற்றுமையை வைத்துக் குறியீடு பண்ணும் ஆசை எனக்கும் வந்தது. விட்டுவிட்டேன்.

இரண்டாமவர் ஜான் நியூட்டன். 1780லிருந்து 1807ல் சாகும் வரை இந்தக் கோவிலின் பாதிரியார். உலகமெங்கும் பாடுகிற ‘அமேஸிங் கிரேஸ்’ பாட்டை, 1773ன் புத்தாண்டு நாளுக்காக, அப்போது தான் ஊழியம் செய்துவந்த ஓல்னி என்ற சிற்றூரில் எழுதியவர். 1785 டிசம்பரில் வில்பர்ஃபோர்ஸ் என்ற இருபத்தாறு வயது நாடாளுமன்ற உறுப்பினர், அரசியலை விட்டு விலகிவிடலாமா என்ற குழப்பத்தோடு, யாருக்கும் தெரியாமல் அவர் வீட்டைத் தேடி வந்தார். கதவைத் தட்டத் துணிச்சல் இல்லாமல் சதுக்கத்தைச் சுற்றி நடந்துவிட்டுப் பிறகு உள்ளே போனாராம். அரசியலிலேயே இரு என்று நியூட்டன் சொன்னார். இருந்தார், அடிமை வியாபாரத்தை எதிர்த்து இருபது வருஷம் போராடினார். அதை ஒழிக்கும் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. அதே வருஷம் டிசம்பரில் நியூட்டன் இறந்தார்.

கதையை இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் பிரசங்கத்துக்கு உதவும். ஆனால் நியூட்டன் ஒரு காலத்தில் அடிமைக் கப்பலின் தலைவர். 1750க்கும் 1754க்கும் நடுவில் மூன்று முறை தலைவராக ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், மனிதர்களை வாங்கி, அட்லாண்டிக் கடந்து விற்றார். இதில் நம்மை உறுத்த வேண்டியது தேதிகள். புயலில் சிக்கிய கப்பலில் அவர் கடவுளைக் கண்டுகொண்டது 1748ல். அதாவது மனந்திரும்பியதற்குப் பிறகுதான் அவர் தலைவரானார். ஞாயிறுதோறும் இரண்டு வேளை மாலுமிகளுக்கு வழிபாடு நடத்தினார். பலகைக்குக் கீழே சரக்கு விலங்கோடு கிடந்தது. கடைசிப் பயணத்தில் ஒரு சாவுகூட நிகழவில்லை என்று லிவர்பூல் சர்ச்சுகளில் நன்றி செலுத்தினார். 1754ல் அவர் தொழிலை விட்டதற்கும் மனசாட்சி காரணமில்லை. அடுத்த பயணம் கிளம்பும் முன் வலிப்பு போல ஏதோ தாக்கியது, உடம்பு நிறுத்தியது.

அவர் கப்பலில் எழுதிய நாட்குறிப்பு 1962ல் அச்சில் வந்தது. அதில் இறந்தவர்களுக்குப் பெயர் கிடையாது, எண் உண்டு. 1752 டிசம்பரில் ஒரு குறிப்பு. அடிமைகள் கலகத்துக்குத் திட்டம் போட்டிருந்தார்கள். கத்தி, கல், உளி எல்லாம் ஒளித்து வைத்திருந்தார்கள். தெய்வத்தின் அருளால் அதைச் சரியான நேரத்தில் கண்டுபிடித்தாயிற்று. கருவிகளைக் கொடுத்து உதவிய சிறுவர்களை விலங்கிட்டு, முழுவதையும் சொல்லவைப்பதற்காகக் கட்டைவிரல் திருகியில் மாட்டியதாகப் பதிவு. இரும்புப் பட்டைகளுக்கு நடுவே விரலை வைத்துத் திருகி நசுக்கும் கருவி அது. லேசாக மாட்டியது என்று ஒரு அடைமொழியும் அந்த வரியில் இருக்கிறது.

ஆங்கில மூலத்தில் அந்த வாக்கியத்துக்கு எழுவாய் இல்லை. ‘நான்’ இல்லை. வினை மட்டும் நேராகத் தொடங்குகிறது. ஆங்கில வினைச்சொல் யாருக்கும் அடையாளச் சீட்டு கொடுப்பதில்லை. எழுவாயை எடுத்துவிட்டால் செயல் அந்தரத்தில் தொங்கும். நாம் பள்ளிக்கூடத்தில் தோன்றா எழுவாய் என்று படித்தோம். ‘பூட்டினேன்’ என்றால் ‘நான்’ வெளியில் தெரியாவிட்டாலும் விகுதியில் உட்கார்ந்திருக்கும். தமிழில் அந்த எழுவாய் தோன்றாதே தவிர, தப்பிக்காது. நியூட்டனின் குறிப்பில் அது தப்பித்துவிட்டது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சதியைக் கண்டுபிடித்ததற்கு அங்கே ஒரு காரணகர்த்தா உண்டு, தெய்வம். திருகியதற்குத்தான் யாரும் இல்லை.

இதைப் படித்துக் காட்டியபோது நண்பர் ஒருவருக்குக் கோபம் வந்தது. “கப்பல் லாக்-புக் எல்லாமே அப்படித்தான் எழுதுவார்கள். அது தொழில் வழக்கம். அதில் போய் நீ மனோதத்துவம் தேடுகிறாய்” என்றார். உண்மைதான். ஆனால் தொழில் வழக்கம் என்பதே என் கேள்வி. ஒரு தொழில் தன்னிடம் சேருகிறவனுக்குச் சம்பளத்தோடு ஒரு நடையையும் கொடுக்கிறது. அந்த நடையில் எழுதப் பழகிய கைக்கு, சிறுவனின் விரலும் பாய்மரத்தின் கயிறும் ஒரே வகைப் பதிவாகிவிடுகின்றன. நியூட்டன் கொடூரமானவர் என்று நான் நினைக்கவில்லை. மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்கள் மென்மையானவை. கொடூரம் தேவைப்படாமலே வேலை நடந்ததுதான் பயங்கரம்.

1764ல் நியூட்டன் தன் வாழ்க்கைக் கதையைக் கடிதங்களாக அச்சிட்டார். தெய்வ நிந்தனை, காமம், கீழ்ப்படியாமை எல்லாவற்றையும் அதில் ஒப்புக்கொள்கிறார். அடிமை வியாபாரத்தைப் பற்றி மட்டும், சிறைக்காவலன் வேலை போல அது தனக்குப் பிடிக்கவில்லை, வேறு பிழைப்புக்குப் பிரார்த்தித்தேன் என்பதோடு சரி. கௌரவமான தொழில் என்று உலகம் மதித்ததையும் சொல்கிறார். அதாவது தன் பாவங்களின் பட்டியலைத் தயாரித்தபோது, மிகப் பெரியதை அவர் பாவமாகப் பதியவே இல்லை. பொய் சொன்னார் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் காலத்துப் பேரேட்டில் அதற்குத் தலைப்பு இல்லை.

1788ல்தான் தலைப்பு வந்தது. தொழிலை விட்டு 34 வருஷம் கழித்து, தன் 62ம் வயதில், ஆப்பிரிக்க அடிமை வியாபாரம் பற்றிச் சிறு பிரசுரம் வெளியிட்டார். என்னை உலுக்கிய எழுத்து அது. கப்பலின் அடித்தளம் ஐந்தடி உயரம். சில கப்பல்களில் அதற்கும் குறைவு. இரு பக்கமும் மேலும் கீழுமாக வரிசைகள். அலமாரியில் புத்தகங்களை நெருக்கி அடுக்குவதோடு அவர் அதை ஒப்பிடுகிறார். இன்னொன்றைச் செருக இடமிருக்காது. புத்தகத்தோடு வாழ்ந்தவனுக்கே அந்த உவமை கிடைக்கும். அதற்குப் பிறகு என் அலமாரியைப் பார்ப்பது கொஞ்ச நாள் சங்கடமாக இருந்தது. இன்று தன் நெஞ்சை நடுங்கவைக்கும் தொழிலில் ஒரு காலத்தில் தானே கருவியாக இருந்ததை நியூட்டன் அந்தப் பிரசுரத்தில் ஒப்புக்கொள்கிறார். இந்த ஒப்புதல் நடந்ததைத் தடுக்கவோ ஈடுசெய்யவோ முடியாத அளவு காலம் கடந்தது என்பதையும் சொல்கிறார். 1790ல் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியும் சொன்னார்.

கோபக்கார நண்பர் மறுபடியும் கேட்டார்: “வேறு என்ன வேண்டும் உனக்கு? கறைபடாதவன் எவனுக்கும் அந்த ஐந்தடி உயரம் தெரிந்திருக்காது. செய்தவன் வாய் திறந்ததால்தான் மற்றவர்கள் நம்பினார்கள். ஊர் பெரிய மனுஷனாகச் செத்துப்போயிருக்கலாம். எழுதினானே!” இந்த வாதத்துக்கு முன் நான் பெரும்பாலும் தோற்றுவிடுகிறேன். குற்றம் செய்தவனின் சாட்சியத்துக்கு இருக்கிற பெறுமானம், நல்லவர்களின் ஆவேசத்துக்கு இல்லை. தாமதமான உண்மையும் உண்மைதான். 1788ல் கடலில் இருந்த கப்பல்களுக்கு அது தாமதமில்லை.

ஆனாலும் ஒரு இடம் மிஞ்சுகிறது. அதே பிரசுரத்தில் கட்டைவிரல் திருகியும் வருகிறது. அதில் மாட்டிக்கொண்டவர்கள் மணிக்கணக்கில் துடித்ததைத் தான் பார்த்திருப்பதாக நியூட்டன் எழுதுகிறார். பார்த்தார். 1752ன் நாட்குறிப்பில் செய்தவருக்குப் பெயரில்லை. 1788ன் பிரசுரத்தில் ‘நான்’ வந்துவிட்டது, ஆனால் பார்த்தவனாக வந்திருக்கிறது. பொதுவாகப் பேசும்போது அவரே கருவி. குறிப்பான சம்பவம் என்று வந்ததும் அவர் சாட்சி.

நான் சொல்ல வந்தது இதுதான். பொதுவான ஒப்புதல் எளிது. நான் ஈனன், நான் பாவி என்று எவனும் சொல்லலாம்; சொல்லும்போது ஒரு சுகமும் உண்டு; நல்ல மெட்டு அமைந்தால் உலகமே சேர்ந்து பாடும். அந்தப் பாட்டிலும் பாவம் பொதுவாகத்தான் இருக்கிறது, எந்தக் கப்பலும் இல்லை. இன்ன வருஷம், இன்ன மாதம், இந்தச் சிறுவனின் விரலை நான் திருகச் செய்தேன் என்ற வாக்கியத்தில் சுகம் இல்லை. அதைப் பாட முடியாது. மனந்திரும்புதல் என்பது உணர்ச்சியின் ஆழத்தில் இருப்பதாக நாம் நம்புகிறோம். அது ஒரு வாக்கியத்துக்கு அதன் எழுவாயைத் திருப்பிக் கொடுப்பதில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. மிக நேர்மையான ஒரு மனிதர், வாழ்நாள் முழுக்கத் தன்னையே சோதித்துக்கொண்டிருந்தவர், 34 வருஷ அவகாசத்துக்குப் பிறகும் அந்த ஒரு வாக்கியத்தை முழுசாக எழுதவில்லை.

தனக்கான கல்லறை வாசகத்தை நியூட்டன் தானே எழுதி வைத்தார். அதில் தன்னை நாத்திகனாக, தறிகெட்டவனாக, ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு ஏவலனாக இருந்தவன் என்கிறார். ஏவலன் என்பதும் உண்மைதான். இளம்வயதில் ஆப்பிரிக்கக் கரையில் ஒரு வியாபாரியிடம் சேர்ந்து, அவனுடைய ஆப்பிரிக்கத் துணைவியின் கையில் பட்டினியும் அவமானமும் பட்டார். ஆனால் கல்லில் அடிமைகளுக்கு ஏவலன் இருக்கிறான், அடிமைகளை விற்றவன் இல்லை. பட்டது கல்லேறியது, செய்தது பிரசுரத்தோடு நின்றது.

அந்த வாசகத்தில் பெயரை ஒட்டி ஒரு சொல் வருகிறது: கிளார்க். ஆங்கிலத் திருச்சபை வழக்கில் அதற்குப் பாதிரி என்று பொருள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பாதிரிகளாக மட்டும் இருந்த காலத்தில் பிறந்த சொல். பிறகு கணக்கு எழுதுகிறவனுக்கும் அதே பெயர் நிலைத்தது. என் உத்தியோகத்துக்குத் தமிழில் எழுத்தர் என்று பெயர். இந்தப் பத்திரிகையில் நான் எழுத்தாளர். இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள் என்ற நம்பிக்கையில்தான் பல வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

காப்பிக்கடைக்காரர் லாயிடின் சந்தைக்கு ஒரு நிமிஷம் திரும்ப வேண்டும். 1781ல் ‘ஸாங்’ என்ற கப்பலிலிருந்து சுமார் 130 அடிமைகளை உயிரோடு கடலில் தள்ளினார்கள். தண்ணீர்ப் பற்றாக்குறை என்றார்கள். கப்பலில் தானாகச் செத்தால் நஷ்டம் முதலாளிக்கு. தேவை கருதி எறிந்த சரக்கு என்றால் நஷ்டம் காப்பீடு எழுதியவருக்கு. லிவர்பூல் முதலாளிகள் தலைக்கு 30 பவுன் கேட்டு வழக்குப் போட்டார்கள். 1783ல் லண்டன் ஜூரி அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேல்நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது; ஆனால் கொலைக்காக யார் மீதும் வழக்கு இல்லை. லம்பார்ட் தெருப் பாதிரி தன் பிரசுரத்தில் இந்தச் சம்பவத்தையும் எடுத்துச் சொல்கிறார். அது லாயிட்ஸ் சந்தையின் வழக்கு இல்லை. ஆனால் அந்தத் தொழிலின் கணக்கு அப்படிப்பட்டது. 2020 ஜூனில் லாயிட்ஸ் நிறுவனம், 18, 19ம் நூற்றாண்டு அடிமை வியாபாரத்தில் தன் சந்தை வகித்த பங்குக்காக வருத்தம் தெரிவித்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அதிலும் வருந்துகிறவர்கள் ‘நாங்கள்’, செய்தது ‘சந்தை’. சந்தைக்குக் கட்டைவிரல் கிடையாது.

இவ்வளவையும் எழுதத் தூண்டியது இலக்கிய ஆர்வம் மட்டும் என்று சொல்லிக்கொள்ள முடியாது. சில மாதங்களுக்கு முன் கவுண்டருக்கு ஒரு அம்மாள் வந்தார். கையில் நாங்கள் அனுப்பிய பதிவுத் தபால். கெடு முடிந்த நகைக்கடனுக்கு வழக்கமாகப் போகும் கடிதம்: தொகை செலுத்தப்படாத பட்சத்தில் நகை ஏலத்தில் விடப்படும். அவருக்குப் படிக்கத் தெரியும். படித்திருந்தார். “ஏலம் விடப்படும்னு போட்டிருக்கே, யாரு தம்பி விடறது?” என்றார். “பேங்க்கும்மா.” “பேங்க்குன்னா நீங்களா?” “நான் இல்லம்மா, ரூல்ஸ் அப்படி.” அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

ஒரு சங்கிலியையும் ஒரு அடிமைக் கப்பலையும் ஒரே தட்டில் வைக்க நான் பைத்தியக்காரன் இல்லை. வங்கி கடன் கொடுத்தது, வாங்கியவர் கட்டவில்லை, சட்டம் எங்கள் பக்கம். நான் பேசுவது குற்றத்தின் அளவைப் பற்றி அல்ல, வாக்கியத்தைப் பற்றி. தமிழ் வினைமுற்று செய்தவனை விகுதியில் கட்டிவைக்கிறது என்று மேலே பெருமையாக எழுதினேன். அதற்கும் மாற்று கண்டுபிடித்திருக்கிறோம்: ‘படு’ என்ற ஒரு துணைவினை. விடப்படும், அறிவிக்கப்படுகிறது, முடிவு செய்யப்பட்டது. ஆபீஸ் தமிழ் முழுக்க இதுதான். நியூட்டனின் கப்பல் ஆங்கிலத்தைவிட இது மோசம். அங்கே எழுவாய் மட்டும் போயிற்று, இங்கே செய்தவன் நின்ற இடத்தில் பொருளே எழுவாயாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. நகை ஏலத்தில் விடப்படும். நகைதான் அங்கே எழுவாய்.

இந்தக் கட்டுரையின் முதல் பிரதியில், அந்த அம்மாளின் சங்கிலி ஏலத்தில் போயிற்று என்று ஒரு வரியில் முடித்திருந்தேன். அடித்துவிட்டேன். மாற்றி எழுதுகிறேன். அந்தக் கடிதத்தை நான் அச்செடுத்தேன். மேனேஜர் கையெழுத்துக்கு நான் கொண்டுபோய் வைத்தேன். ஏலப் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே நான் டிக் போட்டேன். அவர் கேட்டபோது நான் இல்லை என்றேன்.